பார்வைக்கு மேய்ந்த மாடுகள்

பணம் வந்தவனுக்கு முதலில் மாறுவது மூக்குதான். நேற்றுவரை நாறாததெல்லாம் இன்றைக்கு நாறும். மாட்டுக்காரியின் அண்ணனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. மாட்டுத் தரகருக்குப் பிள்ளையாகப் பிறந்து, கொட்டகையில் கன்றுக்குட்டிகளோடு ஒன்றாகப் புரண்டு வளர்ந்தவன், புல் கேட்டு வந்த தங்கை வாசலில் நிற்கும்போதே அறையின் இரண்டு ஜன்னல்களையும் திறக்கச் சொன்னான். அவள் உட்கார இருந்த நாற்காலியில் அவனுடைய மேனேஜர் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்தார். அவள் அதை எடுத்து, நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, வெறும் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். குளித்துவிட்டு, பெட்டியில் இருந்த நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள். அது அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

ஊரில் எல்லோரும் அவளை மாட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் இளக்காரமாகச் சொன்னாலும் அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு கறவை, இன்னும் ஈனாத நாலைந்து கிடாரி, எப்போதும் ஒன்றிரண்டு சினைமாடு. கணவர் பால் வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் ஊர் ஊராகப் போய்க் கேன்களை ஏற்றி, குளிரூட்டும் நிலையத்தில் இறக்குவார். அதனால் அவர் வேன்காரர். இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு பிடி நிலம் கிடையாது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வயலைத்தான் வருஷக்கணக்காகக் குத்தகைக்கு எடுத்து மேய்த்து வந்தாள். அந்த வருஷம் தபால்காரர் கண்ணை மூடினார். பிள்ளைகள் வந்தார்கள், அளந்தார்கள், மனை போட்டார்கள். புல் முளைத்த இடத்தில் எல்லைக்கல் முளைத்தது.

மேய்ச்சல் இல்லாமல் தீவனக்கடையை நம்பி மாடு வளர்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது மாதிரி. சுற்றுவட்டாரத்தில் நல்ல புல் மிஞ்சியிருந்த இடம் ஒன்றே ஒன்று. அது அண்ணனுடைய சரிவு.

அண்ணன் நகரத்தில் தரை ஓடு வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தவன். கடையை விற்றுவிட்டு வந்து, குன்றின் ஒரு பக்கம் முழுவதையும் வாங்கி, மேலே வரிசையாக மரக்குடில்கள் கட்டியிருந்தான். நகரத்துக்காரர்கள் வந்து தங்கி, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் காசு கொடுத்துவிட்டுப் போகும் இடம் அது. குடில்களுக்குக் கீழே சரிவு நெடுக இடுப்பளவு புல், நடுவில் வற்றாத ஓடை. யாருக்கும் பயன்படாமல் புல் முளைத்து, பழுத்து, காய்ந்து சாய்ந்துகொண்டிருந்தது. கூடப் பிறந்தவனிடம் புல் கேட்பதில் என்ன வெட்கம் என்று நினைத்துத்தான் அவள் போனாள்.

அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வருகிற விருந்தாளிகள் எல்லாம் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு புல் இருக்கிறதே, ஒரு மாடுகூட இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மோவாயைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். கடைசியில், போனால் போகிறது என்கிற முகத்தோடு சம்மதித்தான்.

"ஆனா பாரும்மா, பாசம் வேற, பேப்பர் வேற. எழுதி வச்சுக்குவோம். தப்பா எடுத்துக்காத."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு அண்ணே. நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள் அவள்.

குத்தகைப் பத்திரத்தை மேனேஜர் படித்துக் காட்டினார். விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் மாடுகள் மேல்சரிவில், ஜன்னல்களுக்கு நேராக மேய வேண்டும். அவர்கள் எழுந்து போன பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். நடைபாதையில் சாணி கிடக்கக்கூடாது. பொலிகாளை வரக்கூடாது. நோஞ்சான், நொண்டி, கிழடு எதுவும் ஜன்னல் பக்கம் தலைகாட்டக்கூடாது. மேய்ப்பவர் உரக்கக் கெட்ட வார்த்தை பேசக்கூடாது. கடைசி வரியை மட்டும் மேனேஜர் அவளைப் பார்க்காமல் படித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாடு புல்லைத் தின்னப்போகிறதா, இல்லை பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிற்கப்போகிறதா என்று கேட்டார். அவளும் சிரித்தாள். புல் கிடைத்த சந்தோஷத்தில் எதற்கும் சிரிப்பு வந்தது.

புல் நல்ல புல்தான், அதில் குறை சொல்ல முடியாது. சில வாரங்களிலேயே மாடுகளுக்குத் தோல் பளபளத்தது, மடி இறங்கியது. வேன்காரர் கூடுதலாக இன்னொரு கேன் ஏற்றினார். அதற்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள், பொறுத்தும் கொண்டாள். மேனேஜர் ஒருநாள் பலகைகள் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் கட்டச் சொன்னார். மேகம், தென்றல், மழைத்துளி, நிலா என்று வண்ண எழுத்தில் பெயர்கள். எதற்கும் மறுப்புச் சொல்லி முட்ட வருகிற ஒரு சிவப்பு மாட்டுக்கு அவள் வக்கீலம்மா என்று பேர் வைத்திருந்தாள். அதன் கழுத்தில் மழைத்துளி தொங்கியது. வக்கீலம்மா முதல் நாளே அதை ஒரு மரத்தில் தேய்த்துப் பாதி எழுத்தை அழித்துவிட்டது.

விருந்தாளிகளை அவள் மனதுக்குள் தரம் பிரித்து வைத்திருந்தாள். மாட்டோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, எடுத்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். பால் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கி, தப்பான இடத்தைக் காட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். எல்லோரிலும் கடைசியாக, வெள்ளை அரைக்கால்சட்டை போட்ட ஒரு குண்டு மனிதரை வைத்திருந்தாள். மாசாமாசம் வருவார். வந்த நிமிஷத்திலிருந்து ஈ என்று புகார் சொல்வார். மாடு இருந்தால் ஈ இருக்கும், ஈ வேண்டாமென்றால் மாட்டைப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று அவள் வக்கீலம்மாவிடம் சொல்வாள்.

ஆனால் அவளுக்குப் புரியாமல் இருந்தது அண்ணன்தான். அவனுக்கு மாடு தெரியாது என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவனுக்குத் தெரிந்த அளவு அவளுக்கே தெரியாது. சின்ன வயதில் அவனுக்கு மெலிந்த, நீளமான கை. மாட்டின் வயிற்றில் கன்று திரும்பிக் கிடந்தால் அப்பா ஊரில் யாரையும் தேடமாட்டார், அவனைத்தான் எழுப்புவார். தூரத்தில் நடந்து போகிற மாட்டைப் பார்த்து, இது சினை, இது சும்மா என்று சொல்லுவான், தப்பவே தப்பாது. இப்போதும் சரிவில் நடக்கும்போது அவன் கண் ஏதாவது ஒரு மாட்டின் விலாவில் போய் ஒரு நொடி நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவின் தரகுக் கண் அப்படியே இருந்தது. அடுத்த நொடி, கடையில் எதையோ திருடினவன் மாதிரி அந்தக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

ஒருநாள் ஏதோ கம்பெனியிலிருந்து பெரிய கூட்டம் வந்து தங்கியது. அண்ணன் தொப்பி போட்டுக்கொண்டு அவர்களைச் சரிவில் கூட்டிக்கொண்டு வந்தான். புல்லைக் காட்டினான், ஓடையைக் காட்டினான், மண்வாசனை என்று சொல்லி மூச்சை இழுத்துக் காட்டினான். அவள் ஒரு கிடாரியின் காதுக்குள் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒரு பெண்மணி அவளைக் காட்டி, இவங்க யாரு என்று கேட்டாள்.

"நம்மகிட்ட மாடு மேய்க்கிறவங்க" என்றான் அண்ணன். "தலைமுறை தலைமுறையா இதே தொழில்தான். இந்த ஜனங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஆனா மனசு சுத்தம்."

"உங்களுக்கும் பூர்வீகம் இந்தப் பக்கம்தானா?"

"சேச்சே, இல்லங்க. நாங்க வியாபாரக் குடும்பம். இந்த இடம் பிடிச்சுப் போச்சு, வாங்கிட்டேன்."

அப்பாவின் சப்பை மூக்கு இரண்டு பேர் முகத்திலும் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது. யாராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை, கிடாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். கையில் இருந்த உண்ணியை நசுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுத்துவிடாதே என்று அவன் கண் கெஞ்சியது. அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் அவள் கோபம் போய்விட்டது. நமக்குச் சமமானவர்கள்மேல்தான் கோபம் வரும். போன கோபத்தின் இடத்தில் வேறொன்று வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"ஆமாங்க ஐயா" என்றாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "எங்களுக்கு வேற என்ன தெரியும்."

அன்றிலிருந்து அவன் அவளுக்கு ஐயா. விருந்தாளிகள் முன்னால் மட்டும் என்றால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான். அவள் ஆள் இல்லாத இடத்திலும் ஐயா என்றாள். அன்று சாயங்காலமே அவன் போன் செய்து, வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், நாலு பேருக்கு நாலு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று இழுத்தான். அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, சரிங்க ஐயா, வேற ஏதாவது வேலை உண்டுங்களா என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

ஊரிலேயே அவ்வளவு மரியாதையாக யாரும் அவனிடம் பேசியதில்லை. அவன் எதிரே வந்தால் அவள் பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றுகொள்வாள். அவன் ஏதாவது கேட்டால் குனிந்த தலை நிமிராமல் பதில் சொல்வாள். நீ என்று வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தவள், நீங்க, வாங்க, சொல்லுங்க என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து அவன் முகத்தில் வைத்தாள். அடித்திருந்தால் வலித்து ஆறியிருக்கும். ஒரு வாரம் கழித்து அண்ணி வந்து, அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டாள். வியாபாரக் குடும்பத்து அம்மா இவ்வளவு தூரம் நடந்து வரலாமா, சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே என்றாள் மாட்டுக்காரி. அண்ணி வந்த வழியே திரும்பினாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வேன்காரர் ஒருநாள் கேன் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மாட்டுக்கு அந்தப் புல்லு ருசி. உனக்கு இந்த ஐயா ருசி. பாத்து, பல்லுல கறை பிடிச்சுக்கப் போகுது."

அவர் சொன்னது பொய்யில்லை. காலையில் மாடுகளை அவிழ்க்கும்போதே, இன்றைக்கு எப்படி அவனைக் கும்பிட்டு வைக்கலாம் என்ற நினைப்பு வர ஆரம்பித்திருந்தது.

வக்கீலம்மாவுக்கு அப்போது நிறைமாதம். நாள் இருக்கிறது என்று நம்பி அவள் அதையும் சரிவுக்கு ஓட்டி வந்திருந்தாள். உச்சிவேளையில், எல்லா இடத்தையும் விட்டுவிட்டு, குடில்களின் சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர்கீழே போய் வக்கீலம்மா படுத்துக்கொண்டது. பனிக்குடம் உடைந்தது. ஒரு குளம்பு வெளியே தெரிந்தது, பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மாடு முக்கி முக்கிக் கழுத்தை நீட்டியது. அவள் தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவி, சோப்புப் போட்டு, முழங்கைவரை உள்ளே விட்டுப் பார்த்தாள். கன்றின் தலை பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. ஒருவர் உள்ளே தலையைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் முன்னங்காலில் கட்டிய கயிற்றை, மாடு முக்குகிற நேரம் பார்த்து இழுக்க வேண்டும். வேன்காரர் குளிரூட்டும் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். போன் செய்தால் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மேலே கூடத்திலிருந்து விருந்தாளிகள் எழுந்து வந்து மரத் தடுப்பில் சாய்ந்துகொண்டார்கள். எல்லோர் கையிலும் போன். அண்ணன் படிகளில் ஓடி இறங்கி வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெளுத்த முழுக்கைச் சட்டை.

"ஐயா, தலை மடங்கியிருக்கு" என்றாள் அவள். "நான் உள்ள திருப்பறேன். நீங்க கயிறை மட்டும் பிடிச்சாப் போதும்."

அவன் மாட்டைப் பார்த்தான். ஒரு பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. வலது கை தானாகவே இடது கை மணிக்கட்டுக்குப் போயிற்று. பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தான். அந்த ஒரு நொடி அவளுக்குத் தொண்டையில் அண்ணே என்ற வார்த்தை வந்து நின்றது.

மேலேயிருந்து யாரோ, ஐயய்யோ ரத்தம் என்றார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தான். எல்லாப் போனும் அவன் பக்கம் இருந்தது. மடித்த மடிப்பை மெதுவாகப் பிரித்தான். பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"டாக்டருக்குச் சொல்லியாச்சு" என்றான், மேலே இருக்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில். "அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் மரத்துக்குப் பின்னால கொண்டுபோயிடுங்க. விருந்தாளிங்க சாப்பிடற நேரம்."

"சரிங்க ஐயா. மாட்டுகிட்ட சொல்றேன்" என்றாள் அவள்.

அவன் படியேறிப் போனான். தெரியாதவன் ஒதுங்கி நின்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கை முழுக்க வித்தையை வைத்துக்கொண்டு, ஒரு சட்டைக் கைக்காக அதைப் பூட்டிக்கொண்டு போகிறவனை என்னவென்று சொல்வது. அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எதுவும் அந்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை.

அப்போதுதான் வெள்ளை அரைக்கால்சட்டைக்காரர் தடுப்பைத் தாண்டி, புல்லில் வழுக்கி, உட்கார்ந்தபடியே பாதி தூரம் சறுக்கி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"நான் என்ன செய்யணும்? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரிய வேணாம். இழுங்கன்னா இழுங்க, விடுங்கன்னா விடுங்க."

கன்றின் முன்னங்காலில் அவள் கட்டிக்கொடுத்த கயிற்றை அவர் பிடித்தார். அவள் புல்லில் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்றைப் பின்னுக்குத் தள்ளி, அதன் தாடையைத் தேடினாள். இரண்டு தடவை பிடி நழுவியது. மாடு முக்கும்போது அவள் கை எலும்பு நொறுங்குவது போலிருந்தது. மூன்றாவது தடவை தாடைக்குள் விரல் மாட்டியது, தலை திரும்பியது. இழுங்க என்றாள். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தார். கன்று மொத்தமாக வந்து விழுந்தது, அவரும் விழுந்தார். கன்று அசையவில்லை. அவள் மூக்கைத் துடைத்து, வாயில் விரல்விட்டுச் சளியை வழித்து, ஒரு புல் தண்டை மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். கன்று தும்மியது. அந்த மனிதர் இரண்டடி தள்ளிப் போய் வாந்தி எடுத்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, ரத்தமும் சளியும் அப்பிய அரைக்கால்சட்டையோடு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஈ அவர் முகம் முழுக்க மொய்த்தது. அவர் ஓட்டவில்லை.

அவரைக் கடைசி ரகத்தில் வைத்ததற்காக அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தொட்டித் தண்ணீரை மொண்டு அவர் கையில் ஊற்றினாள். மாட்டு டாக்டர் சாவகாசமாக வந்து, ஓர் ஊசி போட்டுவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்று தள்ளாடி எழுந்து, பால் குடித்து, வயிறு நிறைந்த பிறகு அண்ணன் இறங்கி வந்தான். கூடவே கேமராக்காரன். கன்றைத் துடைக்கச் சொல்லி, துடைத்த இடத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அவள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது, வரவேற்பு அறைக் கண்ணாடியில் அந்தப் படம் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. கீழே பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எங்கள் குடும்பத்தின் புதிய வரவு.

ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தாள். கன்று குடும்பத்தில் சேர்ந்துவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. மாடுகளின் கழுத்திலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோர்த்து, ஆபீஸ் கதவின் கைப்பிடியில் மாட்டினாள். மேனேஜர் ஓடி வந்து, குத்தகைக் காலம் இன்னும் முடியவில்லையே, இப்படி நடுவில் போனால் எப்படி என்று பதறினார்.

"புல்லு உங்களுது, மாடு என்னுது" என்றாள். "பார்வை மட்டும் யாருதுன்னு ஐயாகிட்ட கேட்டுவைங்க."

சொல்லிவிட்டு மாடுகளைத் திருப்பினாள். நல்ல புல்லைப் பார்த்த மாடுகள் லேசில் திரும்பவில்லை; இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்து இறக்கினாள்.

வேன்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், முகத்தைப் பார்க்காமல், முடிவு எடுக்கறதுக்கு முன்னால என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். கேட்டிருக்கலாம்தான்.

ஊருக்கு அந்தப் பக்கம் குடிநீர்த் தேக்கத்தின் கரையை மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் எடுத்தாள். கரையில் பெரும்பாலும் கோரை. மாடு வேறு வழியில்லாமல் தின்னும், தின்றது உடம்பில் ஒட்டாது. பால் குறைந்தது. வேன்காரர் கூடுதலாக ஏற்றிய கேன் மறுபடி காலியாகக் கிடந்தது. இரண்டு கிடாரிகளையும் ஒரு கறவையையும் விற்றாள். விற்ற அன்று அவள் சாப்பிடவில்லை. ரோஷத்தைக் காய்ச்சிக் குடிக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

சரிவில் மாடில்லாமல் அண்ணனுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. வேறு மாட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்திரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு கொத்தனாரைப் பிடித்து சிமெண்டில் ஐந்து மாடு செய்யச் சொல்லி, வர்ணம் பூசி, சரிவில் நிறுத்தினான். ஊரே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கப் போயிற்று. கொத்தனார் அதற்கு முன் தண்ணீர்த் தொட்டி தவிர எதுவும் கட்டாதவர். ஒரு மாட்டுக்கு நாய் முகம், ஒன்றுக்கு மேனேஜர் முகம். முதல் மாசம் விருந்தாளிகளின் பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடினார்கள். மழை வந்தது. சிமெண்ட் மாடு நிற்கும், புல் தின்னாது. புல் அவற்றின் முழங்காலுக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது, மழை விடுவதற்குள் காதுக்கு வந்துவிட்டது. ஒரு குடிலின் குளியலறையில் பாம்பு வந்து படுத்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். சந்தில் சேறு என்று காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, தாண்டித் தாண்டி நடந்து வந்தான். அவள் கொட்டகையில் மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. கவிழ்த்திருந்த வாளி ஒன்றைக் காட்டி, உட்காருங்க ஐயா என்றாள். அவன் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தான்.

நேரே விஷயத்துக்கு வந்தான். குத்தகையே வேண்டாம், பத்திரமும் வேண்டாம், மாடுகளைச் சும்மா ஓட்டி வந்து மேய்த்துக்கொள்ளட்டும் என்றான். அவள் விரல்களுக்கிடையே பால் நூல் மாதிரி இறங்கியது. முன்பெல்லாம் பாத்திரத்தில் நுரை பொங்கும். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. சரி என்ற சொல் வாய் வரைக்கும் வந்தாயிற்று.

"நாளைக்கு நான் வந்தா, உங்க விருந்தாளிங்ககிட்ட என்னை யாருன்னு சொல்வீங்க?"

அவன் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தான்.

"சொல்லாம என்ன. தங்கச்சின்னே சொல்றேன். ஆனா இப்ப வேணாம், இந்த சீசன் முடியட்டும். வர்றவங்க பழைய ஆளுங்க. அவங்ககிட்ட முன்னாடியே வேற மாதிரி சொல்லிட்டேன். இப்பப் போய் மாத்திச் சொன்னா, என்னைப் பொய்யன்னு நினைச்சுக்குவாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் மாடு காலைத் தூக்கிவிட்டது. பாத்திரம் கவிழாமல் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் எழுந்து நின்றான். ஆனால் போகவில்லை.

"நீ என்னை இனிமே அண்ணேன்னு கூப்பிடவே மாட்டியா?" என்றான் மெதுவாக.

"கூப்பிடறேன் ஐயா. சீசன் முடியட்டும்."

அவன் போனபின் வேன்காரர் நிலைகொள்ளாமல் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தார். எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டிருந்தார். கேனைத் தூக்கி வேனில் வைத்தார்.

அடுத்த வருஷம் அண்ணன் குடில்களைப் பூட்டினான். சரிவை ஏதோ கம்பெனிக்கு விற்றுவிட்டு நகரத்துக்கே திரும்பிப் போனான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வாங்கின கம்பெனி சுற்றிலும் உயரமாகக் கம்பி வேலி போட்டுவிட்டு, எதுவும் செய்யாமல் வைத்திருக்கிறது. புல் உள்ளே முளைத்து, பழுத்து, காய்ந்து சாய்கிறது. சிமெண்ட் மாடுகள் உள்ளேதான் எங்கேயோ கிடக்க வேண்டும்.

தேக்கத்துக்குப் போகிற பாதை அந்த வேலியை ஒட்டித்தான் போகிறது. தினமும் காலையில் வக்கீலம்மா அந்தத் திருப்பத்தில் நின்றுவிடுகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டி, மூச்சை இழுத்து முகர்கிறது. மற்ற மாடுகளும் நின்றுவிடுகின்றன. கூப்பிட்டால் வருவதில்லை, தள்ளினால் நகர்வதில்லை. மாட்டுக்காரி குச்சியை ஓங்கி அதன் முதுகில் ஒன்று போடுகிறாள். போட்ட பிறகுதான் அது கோரை மேய நடக்கிறது. அவள் அடித்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே கூட நடக்கிறாள்.